தலைவர் ஓடிவிட்டார், தேர்தல் எப்போது?

2024 ஆகஸ்ட் 5, திங்கட்கிழமை மாலை. விடுதிக்குத் திரும்பும் லாரிக்காக ஆட்கள் எங்கள் கட்டுமானத் தளத்தின் வாசலில் குந்தியிருந்தார்கள். சாரம் கட்டும் பங்களாதேஷ் தம்பி ஒருவர் கைப்பேசியை நீட்டியபடி ஓடிவந்தார். தமிழ் மேற்பார்வையாளர்களோடு பல வருடம் வேலை பார்த்ததில் அவருக்குத் தமிழ் நன்றாகவே வரும். “அண்ணே, ஓடிட்டாங்கண்ணே!”

திரையில் டாக்காவின் பிரதமர் இல்லத்துக்குள் கூட்டம் புகுந்துகொண்டிருந்தது. ஒருவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போகிறார், இன்னொருவர் கையில் ஒரு பெரிய மீன். பதினைந்து வருடம் தொடர்ந்து ஆண்ட ஷேக் ஹசீனா இந்தியாவுக்குப் பறந்துவிட்டிருந்தார்.

“இனி எலெக்‌ஷன் எப்போண்ணே? அடுத்த மாசமா?”

நானும் பெரிய மனிதன் தோரணையில், “மூணு மாசத்துல வெச்சிருவாங்க” என்றேன். நாடாளுமன்றம் கலைந்தால் தொண்ணூறு நாளுக்குள் தேர்தல் என்று அந்நாட்டு அரசியல் சட்டத்தில் இருப்பதாக எங்கோ படித்த ஞாபகம். படித்தது சரிதான். ஆனால் கடைசியில் தேர்தல் நாளாக அறிவிக்கப்பட்டது 2026 பிப்ரவரி 12. கணக்குப் போட்டால் பதினெட்டு மாதம். அந்தத் தம்பி இப்போதும் என்னைப் பார்த்தால் மூன்று விரலைக் காட்டிச் சிரிக்கிறார்.

மூன்று மாதம் எப்படிப் பதினெட்டு மாதமாகிறது என்று புரிந்துகொள்ளத்தான் அப்புறம் கொஞ்சம் படித்தேன். அதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன்.

சிங்கப்பூரில் இருக்கும் நமக்குத் தேர்தல் சட்டென்று வந்து சட்டென்று போகும் விஷயம். 2025-ல் ஏப்ரல் 23 வேட்புமனுத் தாக்கல், மே 3 வாக்களிப்பு. பத்தே நாள். வாக்காளர் பட்டியல், தொகுதி எல்லை, அதிகாரிகள், எண்ணும் முறை, தோற்றவர் அடுத்து என்ன செய்யலாம் என்பது வரை எல்லாம் முன்பே கைவசம் இருப்பதால்தான் அது பத்து நாளில் முடிகிறது. நெடுங்காலம் ஒரே ஆளின் பிடியில் இருந்த நாட்டில், அவர் போன மறுநாள் காலையில் இதில் எது யாரிடம் இருக்கிறது என்பதே கேள்வியாகிவிடும்.

இதை நான் சின்ன அளவில் நேரிலேயே பார்த்திருக்கிறேன். பெயர் வேண்டாம், நான் கொஞ்ச காலம் உறுப்பினராக இருந்த ஒரு சங்கம். இருபது வருடத்துக்கு மேல் ஒரே தலைவர். வருடாவருடம் பொதுக்கூட்டம் உண்டு, தேர்தலும் உண்டு. பிரியாணிப் பொட்டலம் வந்து இறங்குவதற்குள் “போட்டியின்றித் தேர்வு” என்று அறிவித்துவிடுவார்கள். ஒரு முறை கணக்கு விவகாரத்தில் வாக்குவாதம் முற்றி அவர் விலகிப் போனார். கைதட்டினோம். அடுத்த வாரம்தான் விஷயம் தெரிந்தது. உறுப்பினர் பட்டியல் அவருடைய மடிக்கணினியில். காசோலையில் கையெழுத்துப் போடும் உரிமை அவருக்கும் அவருடைய மைத்துனருக்கும். சங்க விதிகளில் கிடைத்த ஒரே பிரதியில் கோப்பிக் கறை, பிற்பாடு செய்த திருத்தம் எதுவும் அதில் ஏறவில்லை. பொதுக்கூட்டத்தைக் கூட்டும் அதிகாரம் தலைவருக்கு மட்டும். தலைவர்தான் இல்லையே! அப்படியே கூட்டினாலும் யார் கை தூக்கலாம்? பத்து வருடமாகச் சந்தா கட்டாதவர் உறுப்பினரா, இல்லையா?

இதே கேள்விகளைச் சுமார் 17 கோடிப் பேர் உள்ள நாட்டுக்குப் போட்டுப் பாருங்கள். கூடவே, துப்பாக்கி வைத்திருக்கும் ஒரு துணைக்குழுவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தேர்தல் என்ற ஒன்று ஏற்கெனவே இருந்தது

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். சர்வாதிகாரம் என்றால் தேர்தலே கிடையாது என்று பலர் நினைக்கிறார்கள். நம் பக்கத்து வீட்டையே பாருங்கள். இந்தோனேசியாவில் அதிபர் சுஹார்த்தோ காலத்தில் 1971 முதல் 1997 வரை ஆறு நாடாளுமன்றத் தேர்தல்கள் நடந்தன. ஆறிலும் வென்றது அவருடைய கோல்கார் கட்சி. கடைசித் தேர்தலில் அதற்குக் கிட்டத்தட்ட 75 விழுக்காட்டு வாக்கு. 1973-க்குப் பிறகு வேறு இரண்டே கட்சிகளுக்குத்தான் அனுமதி. அவையும் கிராமங்களுக்குள் கிளை வைத்து வேலை செய்யக்கூடாது. அரசு ஊழியர்கள் கோல்காருக்கு விசுவாசமாக இருக்க வேண்டும். அதிபரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை, அதற்கென ஒரு மன்றம் கூடும். அந்த மன்றம் 1998 மார்ச்சில் அவரை ஏழாவது முறையாகத் தேர்ந்தெடுத்தது. மே 21-ம் தேதி அவர் பதவி விலகினார். இரண்டே மாதம்! ஆசிய நிதி நெருக்கடியில் ரூப்பியா மண்ணைக் கவ்வியிருந்தது, ஜக்கார்த்தாவில் திரிசக்தி பல்கலைக்கழக மாணவர்கள் நான்கு பேர் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தனர், நகரம் எரிந்தது.

ஆகவே தலைவர் விழுவது வேறு, அவரைத் தாங்கிய ஏற்பாடு விழுவது வேறு. முதலாவது ஒரே பகலில் நடந்துவிடும். இரண்டாவது சில நாடுகளில் நடப்பதே இல்லை.

இடைக்காலத்தில் சாவி யாரிடம்

என்னைக் கேட்டால் இந்த விஷயத்தின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. விழுந்த நாளுக்கும் வாக்களிக்கும் நாளுக்கும் இடையில் நாட்டை யாரோ ஒருவர் நடத்த வேண்டும். சம்பளம் போட வேண்டும், மருத்துவமனை ஓட வேண்டும், அதோடு தேர்தல் விதிகளையும் எழுத வேண்டும். விதியை எழுதுகிற கைக்கு முதல் தேர்தலில் பாதி செல்வாக்கு வந்துவிடுகிறது. அந்தக் கை யாருடையது என்பது நாட்டுக்கு நாடு மாறுகிறது.

சில இடங்களில் பழைய அரசியல் சட்டமே அடுத்த ஆளைக் காட்டிவிடும். நமக்கு மறக்க முடியாத எடுத்துக்காட்டு இலங்கை. கோத்தபாய ராஜபக்ச 2022 ஜூலை 13 விடியுமுன் மாலத்தீவுக்குப் போனார், மறுநாள் மாலை நம் சாங்கி விமான நிலையத்தில் வந்து இறங்கினார். தஞ்சம் கேட்கவில்லை, கொடுக்கவும் இல்லை, தனிப்பட்ட பயணம் என்றது நம் வெளியுறவு அமைச்சு. பதவி விலகல் கடிதம் இங்கிருந்து மின்னஞ்சலில் கொழும்புக்குப் போனது. ஒரு நாட்டு அதிபரின் ராஜினாமா சிங்கப்பூரில் ‘அனுப்பு’ பொத்தானை அழுத்தியதில் முடிந்தது! அன்று தேக்காவில் சாப்பிட்ட கடையில் வேறு பேச்சே இல்லை. அவர் 2019-ல் மக்கள் வாக்கில் வென்று வந்தவர் என்பதால் சுஹார்த்தோவோடு ஒரே தட்டில் வைக்கக்கூடாது. ஆனால் அதன்பின் நடந்தது பாடப்புத்தகத்தில் போடத் தகுந்தது. இலங்கைச் சட்டப்படி இடையில் அதிபர் பதவி காலியானால் மிச்சக் காலத்துக்கு நாடாளுமன்றமே ஒருவரைத் தேர்ந்தெடுக்கும். ஜூலை 20-ல் ரணில் விக்கிரமசிங்க 134 வாக்கு வாங்கி வந்தார். தெருவில் நின்றவர்கள் கொதித்தார்கள். அவர்கள் துரத்திய ஆளின் கட்சிக்காரர்கள்தானே அவருக்கு வாக்களித்தார்கள்? அதே வாக்கெடுப்பில் மூன்றே மூன்று வாக்கு வாங்கிய அநுர குமார திசாநாயக்க 2024 செப்டம்பரில் மக்கள் வாக்கில் அதிபரானார். சட்டம் காட்டிய வழி எரிச்சலூட்டும் வழியாகத்தான் இருந்தது. ஆனால் கதவு திறந்தே இருந்தது.

இந்தோனேசியாவிலும் இதே வழிதான். துணை அதிபர் ஹபிபி மேலே வந்தார். சிங்கப்பூரர்களுக்கு அவர் பெயரைக் கேட்டாலே ஒரு குறும்புச் சிரிப்பு வரும். வரைபடத்தில் பச்சையாகத் தெரிவதெல்லாம் இந்தோனேசியா, அந்தச் சிவப்புப் புள்ளிதான் சிங்கப்பூர் என்று அவர் சொன்னதாக 1998 ஆகஸ்ட்டில் ஒரு நாளிதழில் செய்தி வந்தது. நாம் அந்தச் ‘சிறு சிவப்புப் புள்ளி’யைச் செல்லப் பெயராகவே மாற்றிக்கொண்டோம். அவர் சுஹார்த்தோவின் சீடர், யாரும் அவரிடம் பெரிதாக எதிர்பார்க்கவில்லை. அவரோ அரசியல் கைதிகளை விடுவித்தார், பத்திரிகைகளுக்கு மாட்டியிருந்த பூட்டைக் கழற்றினார், கட்சி தொடங்கலாம் என்றார். பதின்மூன்றே மாதத்தில், 1999 ஜூன் 7-ம் தேதி, 48 கட்சிகள் போட்டியிட்ட தேர்தல் நடந்தது. அவருடைய கட்சி தோற்றது. வேறு ஆதரவு இல்லாத இடைக்காலத் தலைவர் சில சமயம் நல்லவராக இருந்தே தீர வேண்டியிருக்கிறது.

பிலிப்பீன்ஸ் இதற்கு நேரெதிர். 1986 பிப்ரவரியில் சர்வாதிகாரி மார்க்கோஸ் ஓடியதும், தேர்தலில் அவரை எதிர்த்து நின்ற கொரசோன் அக்கினோ பழைய அரசியல் சட்டத்தையே தூக்கி எறிந்தார், பழைய நாடாளுமன்றத்தைக் கலைத்தார், தற்காலிகச் சட்டம் ஒன்றின்கீழ் ஆண்டார். புதிய சட்டத்தை எழுத வைத்து 1987 பிப்ரவரியில் மக்களிடமே வாக்கெடுப்புக்கு விட்டார். அதில் அதிபருக்கு ஆறு வருடம், ஒரே தவணை. துணிச்சலான வழி. ஆனால் ஒரு வருடம் கேட்பாரில்லாத அதிகாரம் ஒருவர் கையில் இருந்ததே? அவர் அதைத் திருப்பிக் கொடுத்தார். எல்லாரும் கொடுப்பதில்லை.

எகிப்தில் 2011 பிப்ரவரியில் முபாரக் போனதும் சாவியை எடுத்துக்கொண்டது இராணுவம். அவ்வளவுதான், மீதிக் கதையை நீங்களே ஊகிக்கலாம்.

பங்களாதேஷ் கதைக்கு வருவோம். அங்கே சட்டம் காட்டும் ஆள் யாரும் இல்லை. மூன்றாம் நாளே நோபெல் பரிசு பெற்ற முகம்மது யூனுஸ் தலைமையில் இடைக்கால அரசு பதவியேற்றது. வேடிக்கை என்னவென்றால், தேர்தல் நேரத்தில் மட்டும் கட்சி சாராத காபந்து அரசு ஆள வேண்டும் என்ற ஏற்பாட்டை 1996-லேயே அந்த நாடு செய்து வைத்திருந்தது. 2011-ல் அதை நீக்கியது ஹசீனா அரசு. ஏணியை எடுத்துவிட்ட பிறகு மாடியிலிருந்து இறங்குவது போல ஆகிவிட்டது.

சீக்கிரமா, நிதானமா?

தம்பியின் கேள்விக்கு நேரான பதில் இங்கே வருகிறது. ஹசீனா விழுந்ததும் பங்களாதேஷ் தேசியவாதக் கட்சி, சீக்கிரம் தேர்தலை வை என்றது. போராடிய மாணவர்களில் பலர், முதலில் நீதிமன்றம், காவல்துறை, அரசியல் சட்டம் எல்லாவற்றையும் சீர்செய், பிறகு வாக்குப்பெட்டியை எடு என்றார்கள். இரண்டு தரப்பும் தங்களுக்கு வசதியானதைத்தான் கேட்டன. ஊர் ஊராகக் கிளை வைத்திருக்கும் பழைய கட்சிக்கு நாளைக்கே தேர்தல் என்றாலும் சந்தோஷம். நேற்றுத் தெருவில் கூடியவர்களுக்குக் கட்சி கட்டவே நேரம் வேண்டும்.

சீக்கிரம் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ருமேனியா இருக்கிறது. 1989 டிசம்பரில் சர்வாதிகாரி சௌசெஸ்கு சுட்டுக் கொல்லப்பட்டார். ஐந்து மாதத்தில் அதிபர் தேர்தல். பழைய கம்யூனிஸ்ட் கட்சியில் பெரிய பொறுப்பில் இருந்த இலியெஸ்கு 85 விழுக்காடு வாங்கினார். எதிர்த்து நின்றவர்களுக்குக் கொடி தைக்கக்கூட நேரம் இல்லை.

அப்படியானால் நிதானம்தான் சரியா? அதுவும் சொல்ல முடியாது. இடைக்கால அரசை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. முதல் மாதம் மக்கள் மாலை போடுவார்கள், ஆறாம் மாதம் வெங்காய விலை ஏறியதும் ‘இவரை யார் உட்கார வைத்தது?’ என்பார்கள். போர்ச்சுகல் ஒரு நல்ல நடுவழி கண்டது. 1974 ஏப்ரல் 25-ல் இராணுவ அதிகாரிகள் சர்வாதிகாரத்தைக் கவிழ்த்தார்கள், சரியாக ஒரு வருடம் கழித்து அதே ஏப்ரல் 25-ல் அரசியல் நிர்ணய சபைக்கான தேர்தல். 91 விழுக்காட்டுக்கும் மேல் வாக்குப்பதிவு. அந்தத் தேர்தல் ஆட்சியைப் பிடிக்க இல்லை, விதி எழுதும் ஆட்களைத் தேர்ந்தெடுக்க மட்டும். தூனிசியாவும் 2011-ல் அப்படித்தான் செய்தது. பங்களாதேஷில் கடைசியில், நாடாளுமன்றத் தேர்தலையும் சீர்திருத்த சாசனத்துக்கான பொது வாக்கெடுப்பையும் ஒரே நாளில் வைப்பதாக அறிவித்தார்கள். யாருக்கும் முழுத் திருப்தி இல்லை என்றுதான் அந்தத் தம்பி சொன்னார்.

வாக்காளர் பட்டியல் ஒன்றே பெரும்பாடு. சிரியாவில் 2024 டிசம்பர் 8-ல் அதிபர் அசாத் ஓடினார். மக்களில் பெரும்பகுதியினர் வீட்டை விட்டுச் சிதறியிருக்கிறார்கள், லட்சக்கணக்கானோர் வெளிநாட்டில், பலரிடம் அடையாள ஆவணமே இல்லை. எனவே 2025 அக்டோபரில் நேரடி வாக்களிப்பு இல்லாமல், தேர்வுக் குழுக்கள் கூடி உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தன. 210 இடங்களில் மூன்றில் ஒரு பங்கை இடைக்கால அதிபரே நியமிப்பதாக ஏற்பாடு. இதைத் தேர்தல் என்பதா என்று கேட்டால் எனக்கு வாய் வரவில்லை. ஆனால் பட்டியலே இல்லாமல் வேறு என்ன செய்திருக்க முடியும் என்று கேட்டால் அதற்கும் பதில் இல்லை.

35 விழுக்காட்டில் ஜெயிக்கலாமா?

சிங்கப்பூரின் 2011 அதிபர் தேர்தல் ஞாபகம் இருக்கிறதா? நான்கு வேட்பாளர்கள், நால்வர் பெயரிலும் டான். டோனி டான் 35.2 விழுக்காடு, டான் செங் போக் 34.85. விடிய விடிய மறுபடியும் எண்ணினார்கள். அதிக வாக்கு வாங்கியவர் வெற்றி, பாதி தேவையில்லை என்பது நம் விதி. நம் ஊரில் அது ஓர் இரவுத் தூக்கத்தைக் கெடுத்ததோடு சரி.

அதே விதி ஒரு சர்வாதிகாரத்தின் மறுநாளில் என்ன செய்யும்? தென்கொரியாவில் 1987-ல் மக்கள் தெருவில் இறங்கி, நேரடி அதிபர் தேர்தலைப் போராடிப் பெற்றார்கள். டிசம்பரில் வாக்களிப்பு. இராணுவ ஆட்சியின் உள்ளாளான ரோ டே வூ ஒரு பக்கம். ஜனநாயகத்துக்காகப் பல வருடம் அடிபட்ட கிம் யங் சாம், கிம் டே ஜுங் இருவரும் நீயா நானா என்று தனித்தனியே நின்றார்கள். ஒருவருக்கு 28, மற்றவருக்கு 27. சேர்த்தால் 55. ஆனால் ரோ 36.6 விழுக்காட்டில் வென்றுவிட்டார். விரட்டிய ஆட்சியின் ஆளே வாக்குச்சீட்டின் வழியாகத் திரும்ப வந்து உட்கார்ந்தார்.

அதனால்தான் பல நாடுகள் இரண்டு சுற்று வைக்கின்றன. முதல் சுற்றில் யாருக்கும் பாதிக்கு மேல் இல்லாவிட்டால், முதல் இருவருக்குள் இன்னொரு முறை. இலங்கை ஒரே சீட்டில் இதை முடிக்கிறது, விருப்பு வாக்காக இரண்டாவது, மூன்றாவது தெரிவையும் அதிலேயே குறிக்கலாம். அநுர குமாரவுக்கு முதலில் கிடைத்தது 42 விழுக்காடுதான், விருப்பு வாக்குகளை எண்ண வேண்டி வந்தது அதுவே முதல் முறை.

இரண்டு சுற்றும் சர்வரோக நிவாரணி இல்லை. எகிப்தில் 2012-ல் முதல் சுற்றில் மேலே வந்த இருவர், முஸ்லிம் சகோதரத்துவ அமைப்பின் முர்சியும் முபாரக்கின் கடைசிப் பிரதமர் ஷஃபீக்கும். இருவருக்கும் சேர்த்தே பாதி வாக்கு இல்லை. முபாரக்கை விரட்டச் சதுக்கத்தில் நின்ற இளைஞர்கள் பலருக்கு இருவருமே வேண்டாதவர்கள். ஆனால் ஊரெல்லாம் ஆள் வைத்திருந்தவை அந்த இரண்டு தரப்புகள்தான். முர்சி 51.7 விழுக்காட்டில் வென்றார், ஒரே வருடத்தில் இராணுவம் அவரை இறக்கியது.

இந்தோனேசியர்களும் இந்தப் பாடத்தைக் கசப்பாகக் கற்றார்கள். 1999-ல் முதலிடம் பிடித்தது மேகவத்தியின் கட்சி, சுமார் 34 விழுக்காடு. ஆனால் அதிபரைத் தேர்ந்தெடுத்தது பழையபடி மன்றம்தான். அங்கே பேரம் நடந்து, பதின்மூன்று விழுக்காடு போல வாங்கிய கட்சியின் அப்துர்ரஹ்மான் வாஹித் அதிபரானார். அவரையும் மன்றமே 2001-ல் இறக்கியது. அதன் பிறகுதான் மக்கள் நேரடியாகவே அதிபரைத் தேர்ந்தெடுக்கும்படி சட்டத்தை மாற்றி, 2004-ல் முதல் நேரடித் தேர்தலை நடத்தினார்கள்.

ஆணியால் போட்ட ஓட்டை

விதி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், எண்ணுகிறவரை நம்ப முடியாவிட்டால் எல்லாம் வீண். 1986-ல் மார்க்கோஸ் தேர்தல் நடத்தியபோது மணிலாவின் மாநாட்டு மண்டபத்தில் கணினியில் கூட்டல் நடந்துகொண்டிருந்தது. அங்கே வேலை பார்த்த முப்பதுக்கும் மேற்பட்ட கணினிப் பணியாளர்கள், தங்கள் திரையில் வரும் எண்ணுக்கும் முன்னால் பெரிய பலகையில் போடும் எண்ணுக்கும் பொருத்தமில்லை என்று கண்டு, வட்டுகளைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து வெளியே நடந்தார்கள். பெரும்பாலும் இளம் பெண்கள். ஒரு தேவாலயத்தில் தஞ்சம் புகுந்தார்கள். இரண்டு வாரத்தில் மார்க்கோஸ் நாட்டை விட்டே போனார். எனக்குத் தெரிந்து ஒரு கூட்டல் கணக்கு இவ்வளவு பெரிய வேலையைச் செய்ததில்லை.

நம் ஊரில் முடிவு வருமுன் மாதிரி எண்ணிக்கை அறிவிக்கிறார்கள் அல்லவா? ஒவ்வொரு வாக்களிப்பு நிலையத்திலிருந்தும் நூறு சீட்டை எடுத்து எண்ணுவது. நான்கு விழுக்காட்டுப் புள்ளி முன்னே பின்னே இருக்கலாம். இந்தச் சின்ன உத்திதான் மாற்றக்காலத் தேர்தல்களில் பெரிய காவல்காரன். அரசுக்கு வெளியே ஒரு குழு இதேபோல் தனியாக ஒரு கணக்கு வைத்திருந்தால், மேலிடத்தில் எண்ணை மாற்றுகிறவருக்குக் கை நடுங்கும்.

இந்தோனேசியர்கள் எண்ணுவதைக் காணொளியில் பார்த்திருக்கிறீர்களா? பார்த்தால் அசந்துபோவீர்கள். வழக்கமாக அவர்கள் சீட்டில் ஆணியால் குத்தி ஓட்டை போடுவார்கள். வாக்களிப்பு முடிந்ததும் அதே இடத்தில், அக்கம்பக்கத்தார் முன்னிலையில், அலுவலர் ஒவ்வொரு சீட்டாக வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். ஓட்டை வழியே வெளிச்சம் வரும் இடத்தைப் பார்த்துச் சுற்றி நிற்பவர்கள் “சா!” என்று கத்துவார்கள், செல்லும் என்று அர்த்தம். சுவரில் ஒட்டிய பெரிய தாளில் ஐந்தைந்து கோடாக வரவு வைப்பார்கள். யார் வேண்டுமானாலும் அதைப் படம் எடுக்கலாம். 2014 அதிபர் தேர்தலில் ஜோக்கோ விடோடோ, பிரபோவோ இருவருமே நான்தான் வென்றேன் என்றபோது, தேர்தல் ஆணையம் அந்த எண்ணிக்கைப் படிவங்களை இணையத்தில் போட்டிருந்தது. சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஓர் இந்தோனேசிய மென்பொருளாளர் சில நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு தளம் கட்டினார். நூற்றுக்கணக்கான தன்னார்வலர்கள் படிவங்களைப் பார்த்துப் பார்த்து எண்களைத் தட்டச்சு செய்து கூட்டினார்கள். இங்கிருந்தபடி ஒருவர் அந்தப் பெரிய நாட்டுத் தேர்தலின் கணக்கைச் சரிபார்த்தார் என்பதில் எனக்குக் கொஞ்சம் ஊர்ப்பெருமை உண்டு, உண்மையில் அதில் என் பங்கு எதுவும் இல்லையென்றாலும்.

போகாதவர்கள்

தலைவர் போனாலும் தளபதிகள் போவதில்லை. இதற்கு இங்கே பெனின்சுலா பிளாசா கடைத்தொகுதியின் மியன்மார்க் கடைக்காரர்கள் விரல்விட்டுக் கணக்குச் சொல்வார்கள். 2008-ல் இராணுவம் எழுதிய அரசியல் சட்டத்தில் நாடாளுமன்ற இடங்களில் நான்கில் ஒரு பங்கு சீருடைக்காரர்களுக்கு. அந்தச் சட்டத்தைத் திருத்த நான்கில் மூன்று பங்குக்கும் மேல் ஆதரவு வேண்டும். கூட்டிப் பாருங்கள். தேர்தலில் ஒரு கட்சி மீதி அத்தனை இடங்களையும் வாரிக்கொண்டாலும் இராணுவம் தலையசைக்காமல் ஒரு வரியையும் மாற்ற முடியாது. 2015-லும் 2020-லும் ஆங் சான் சூச்சியின் கட்சி பெருவெற்றி பெற்றது. 2021 பிப்ரவரி 1-ம் தேதி இராணுவம் எல்லாவற்றையும் திரும்ப எடுத்துக்கொண்டது. இந்தோனேசிய இராணுவத்துக்கும் 1999-ல் 38 இலவச இடங்கள் இருந்தன. பேசிப் பேசி 2004-ல் அவற்றை இல்லாமல் ஆக்கினார்கள்.

சரி, பழைய ஆட்களை மொத்தமாகத் துடைத்தெறிந்தால்? ஈராக்கில் 2003-ல் அமெரிக்கர்கள் அப்படித்தான் செய்தார்கள். இராணுவத்தையே கலைத்தார்கள், சதாம் ஹுசேனின் பாத் கட்சியின் மேல்மட்ட உறுப்பினர்களை அரசு வேலையிலிருந்து நீக்கினார்கள். அந்தக் கட்சியில் இல்லாமல் பலரும் பதவி உயர்வே பெற்றிருக்க முடியாது, ஆசிரியர்கள்கூட. துப்பாக்கி பிடிக்கத் தெரிந்த லட்சக்கணக்கானவர்கள் ஒரே உத்தரவில் வேலையில்லாமல் நின்றார்கள். பிறகு நடந்த ரத்தக்களரியில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

எங்கள் சங்கத்தில் அந்த மைத்துனரை என்ன செய்வது என்று மூன்று கூட்டம் பேசினோம். கடைசியில் பொருளாளராகவே வைத்துக்கொண்டோம். கணக்குப் புத்தகம் எங்கே இருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும்.

2024 பிப்ரவரியில் இந்தோனேசியத் தேர்தல் நேரம். எங்கள் புளோக்கில் பக்கத்து வீட்டு இல்லப் பணிப்பெண் சாட்ஸ்வொர்த் சாலையில் இருக்கும் அவர்களது தூதரகத்துக்குப் போய் வாக்களித்துவிட்டு வந்தாள். விரல் நுனியில் நீலக்கருப்பு மை. பிரபோவோ, அதாவது சுஹார்த்தோவின் முன்னாள் மருமகன், மூன்றாவது முறையாக அதிபர் பதவிக்கு நின்ற தேர்தல் அது. அவர்தான் வென்றார். மின்தூக்கிக்குக் காத்திருந்தபோது அவளிடம் சுஹார்த்தோவைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று கேட்டேன். தான் பிறந்ததே அவர் விலகிய மறு வருடம், பள்ளியில் ஒரு பாடம் இருந்தது, அவ்வளவுதான் என்றாள். யாருக்குப் போட்டாய் என்று கேட்ட பக்கத்து வீட்டு அம்மாவிடம் “ரகசியம், மா” என்று சிரித்துவிட்டு, பாத்திரம் தேய்க்கும் நாரால் மையைத் தேய்த்துப் பார்த்தாளாம். ஒரு வாரம் இருந்தது.